வாசலிலேயே மடங்கிய சக்கரம்

எங்கள் மகளுடைய கார் ஒரு ஆயுத பூஜை அன்று, எங்கள் வீட்டு வாசலிலேயே, முன்சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அந்த வருஷத்தில் எங்கள் குடும்பத்துக்கு நடந்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சக்கரம் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்திருந்தால் கொல்லிமலை வளைவில் போய் மடங்கியிருக்கும். உள்ளே என் பிள்ளை இருந்திருப்பாள். அதனால்தான் அந்த வாசலைக் கூட்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

நாங்கள் புதுச்சத்திரத்துக்காரர்கள். கொஞ்சம் வெள்ளாமைக் காடு, ஒரு கிணறு, ஒரு லாரி. என் வீட்டுக்காரர் மீசை முளைக்கும் முன்பே ஸ்டியரிங் பிடித்தவர். வடக்கே அவர் போகாத ஊர் இல்லை. முதுகு வலி வந்த பிறகு டிரைவர் போட்டு ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள். நர்சுக்குப் படித்தாள். கொல்லிமலை மேலே அரசு சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. பெரும்பாலும் பிரசவம் பார்க்கிற வேலை. மேலேயே குவார்ட்டர்சில் இருப்பாள், லீவுக்குக் கீழே வருவாள். பஸ்ஸை நம்பினால் சமயத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினாள். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் பேரில் வந்த முதல் வண்டி அதுதான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவளுடைய அப்பாவுக்கும் கர்வம்தான். ஆனால் அவருடைய கர்வத்தோடு கை சும்மா இருக்காது. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வண்டி என்றால் லாரிதான். மற்றதெல்லாம் லாரி போட்ட குட்டி. லாரிக்கு என்ன வைத்தியமோ அதுதான் காருக்கும், டிராக்டருக்கும், பிள்ளைகளின் சைக்கிளுக்கும். லாரி பின்னால் தாழ்ந்துவிட்டதா? ஸ்பிரிங் கட்டில் இன்னொரு பட்டை சேர்த்துப் போடு. இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதானே லாரி ஸ்பிரிங், ஒன்று கூடப் போட்டால் நிமிர்ந்து நிற்கும். எவ்வளவு சரக்கு ஏற்றினாலும் தாங்கும். நாமக்கல் சுற்று வட்டாரத்தில் இதை மாற்றிச் சொன்னால் வண்டி தெரியாத ஆள் என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

அந்த ஆடியில்தான் தொல்லை ஆரம்பித்தது. கார் முன்பக்கம் தாழ்ந்து, சேந்தமங்கலம் ரோட்டு வேகத்தடையில் அடிப்பக்கம் உரசுகிறது என்றாள் மகள். உரசாமல் என்ன செய்யும்? லீவு முடிந்து அவள் கிளம்பும்போது அரிசி, தேங்காய், கடலை எண்ணெய் டின், கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மூட்டை நிலக்கடலை என்று பாதி வீட்டை ஏற்றி அனுப்புகிறவள் நான்.

"சேலத்துல குடுத்து ஸ்பிரிங்கை மாத்தீட்டு வந்தர்றனுங்ப்பா" என்றாள்.

மகளை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார் அவர். ஈயை விரட்டுகிற மாதிரி கையை வீசினார். "எதுக்கு சாமி? பட்டை தளந்தா இன்னொரு பட்டை போடறோம். இது சுருள். நடுவுல தடியா ரப்பர் வெச்சா முடிஞ்சுது. லாரி வேலை பாத்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

நாமக்கல் போய் ரப்பர் வாங்கி வந்தார். முன்பக்கச் சுருள் இரண்டிலும் இடுக்கில் திணித்தார். கார் எழுந்து நின்றது. சும்மா சொல்லக்கூடாது, கம்பீரமாகத்தான் நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மகள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்ப்பா, கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடுது" என்றாள். "கனம் ஏத்தினா சரியாப் போயிரும்" என்றார். கனம் ஏற்றத்தான் நான் இருக்கிறேனே.

அடுத்த லீவுக்கு வந்தபோது வேறு பேச்சு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, வண்டியை நேராக விட வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மிஷினில் வைத்து அலைன்மென்ட் பார்க்கலாம் என்றாள். மிஷின் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நூலைக் கட்டி நான் அலைன்மென்ட் புடிச்ச லாரி காஷ்மீரு போயிட்டு வந்துச்சு. இந்தச் சுண்டுவிரல் வண்டிக்கு மிஷினா?"

பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரைக்கும் இழுத்து நூல் கட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கீழே படுத்து எதையோ திருகினார். மறுபடி நூல், மறுபடி ஒற்றைக் கண். கடைசியில் சக்கரங்கள் அவர் மனசுப்படி நின்றன. ஆனால் ஸ்டியரிங் மட்டும் இன்னும் கோணலாக இருந்தது. அதற்கும் லாரிக்காரர்களிடம் ஒரு வழி உண்டு. நடு நட்டைக் கழற்றி, ஸ்டியரிங் வட்டத்தை உருவி, நேராகப் பார்த்துத் திரும்ப மாட்டிவிட்டார். பத்துப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன் என்று என்னிடம் பெருமை வேறு. கோணல் வாய்க்கு மீசையை நேராக ஒதுக்கிவிட்ட கதைதான். எனக்கு அன்றைக்கே அது பிடிக்கவில்லை. சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆவணியில் ஒரு தடவை நானும் அவளோடு மேலே போனேன். காரவள்ளி அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் இடப்பக்கம் திரும்புகிற வளைவில் எல்லாம் கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு அந்த மலைக்கு. பாதி இடப்பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் எத்தனை தட்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன கண்ணு சத்தம் அது?"

"ரோடு சரியில்லம்மா."

ரோட்டைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி கிடந்தது. அவள் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. மறுநாள் பஸ்சில் இறங்கி வந்தேன். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, அந்தக் கார்ல ஏதோ ஒடையப் போகுதுங்க. சத்தம் கேக்குது. மொதல்ல மிஷின்காரன்கிட்ட உடுங்க."

"நீ எப்ப மெக்கானிக் ஆன?"

"காது இருந்தாப் போதாதுங்களா?"

அடுத்த லீவில் அவள் வந்ததும் அவரே காரை எடுத்துக்கொண்டு நாமக்கல் வரைக்கும் நாலு வழிச்சாலையில் போய்வந்தார். வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "கோடு போட்ட மாதிரி போகுது. கைய எடுத்துட்டும் ஓட்டிப் பாத்தேன்" என்றார்.

"அந்த ரோட்டுல கழுதைய உட்டாலும் நேராத்தானுங்க போகும். மலையில ஓட்டிப் பாருங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் சொல்வார்கள், அவருக்கு அது அடியில் கிடக்கும், எப்போதாவதுதான் எழும். அன்று எழுந்தது. நடுவில் மகள் வந்து, "உடும்மா, ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லா வேலையும் பாப்பாங்கல்ல, அப்ப பாத்துக்கலாம்" என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நானும் அப்போதைக்கு விட்டேன்.

ஆயுத பூஜை வருகிற புரட்டாசிதான் எங்கள் பக்கம் வண்டிகளுக்குப் பராமரிப்புக் காலம். எங்கே போயிருந்தாலும் லாரி ஊர் வந்து சேர வேண்டும். அடுத்து ஐப்பசி மழை, அதற்கு முன்னால் அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாக வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிரீஸ் தடவி அடுக்குவார்கள். ஸ்டியரிங் மூட்டுகளில் எல்லாம் புது கிரீஸ் அடிப்பார்கள். எங்கள் லாரிக்கும் அந்த வருஷம் ராஜ உபசாரம் நடந்தது. காருக்கு நடந்தது குளியல் மட்டும். கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு வைத்தார்கள். புது டயர் தோற்றது, அப்படி ஒரு மினுக்கு. "லாரி வேலையே இழுத்துருச்சு, பூஜை முடிஞ்சு காரைப் பாத்துக்கலாம்" என்றார். பண்டிகை நாளில் வாயைத் திறக்க வேண்டாம் என்று நானும் இருந்தேன்.

பூஜை காலையில் முடிந்தது. லாரிக்கும் காருக்கும் மாலை, வாழைக்கன்று, பொரி, சுண்டல். ஜாக்கி, வீல் ஸ்பேனர், சுத்தியல், கிரீஸ் துப்பாக்கி, இருக்கிற எல்லா ஆயுதத்தையும் கழுவித் திருநீறு பூசி, குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுக்க வைத்திருந்தோம். மறுநாள் காலை திரும்ப ஒரு பூஜை போடும் வரைக்கும் அதில் ஒரு திருப்புளியைக்கூடத் தொடக்கூடாது. எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு பட்டறையும் திறந்திருக்காது. சேலம் வரைக்கும் அப்படித்தான். எல்லாருடைய ஸ்பேனரும் சாமிக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருக்கும்.

மகளுக்கு அன்று சாயங்காலமே மேலே டியூட்டி. கூட இருந்த நர்ஸ் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டாள். பிரசவ நாள் நெருங்கிய பெண்கள் இரண்டு பேர் அங்கே வந்து காத்திருந்தார்கள். மதியம் சாப்பிட்டதும் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிக்கொண்டு போவதுதானே வழக்கம். பழம் வைக்கிற வேலை என்னுடையது.

எங்கள் வாசல் லேசான சரிவு. இடப்பக்க முன்சக்கரத்துக்கு வைத்த பழம் நிற்காமல் உருண்டு உருண்டு வண்டிக்கு அடியில் போயிற்று. குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டு, சக்கரத்துக்கு உள்பக்கத்திலிருந்து அதைத் தள்ளி வைக்கப் பார்த்தேன். விரலில் ஊசி ஏறிய மாதிரி சுருக்கென்றது. கையை எடுத்தால் ரத்தம். திரும்ப மெல்லத் தடவிப் பார்த்தேன். டயரின் வெளிப்பக்கம் பூப்போட்ட மாதிரி கட்டை கட்டையாக இருக்கிறது, உள்பக்க ஓரம் மொட்டைத் தலை. ரப்பர் தேய்ந்து போய்க் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது.

எழுந்து நின்றேன். கோபம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது பயம்.

"இந்த வண்டியில எம்புள்ள போகாது" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். தானும் ஒரு விரலை விட்டுத் தடவினார். பிறகு, "டயருதான் தேஞ்சிருக்குது. ஸ்டெப்னி நல்லா இருக்குது, மாட்டிக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். ஸ்டெப்னி மாட்ட ஜாக்கி வேண்டும், ஸ்பேனர் வேண்டும். அது இரண்டும் சாமிக்கு முன்னால் குங்குமத்தோடு படுத்திருக்கிறது.

"இன்னைக்கு ஒரு நாளு மெதுவாப் போகட்டும். நாளைக்கு நானே மேல வந்து மாத்திக் குடுக்கறேன்" என்றார்.

உள்ளே போனேன். படத்துக்கு முன்னால் இருந்த ஜாக்கியைத் தூக்கினேன்.

"ஏம்புள்ள, சாமிக்கு வெச்சத எடுக்காத" என்று பின்னாலேயே வந்தார்.

"சாமிக்குப் புள்ள பெருசா ஜாக்கி பெருசான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. அது ஜாக்கிதான்னு சொன்னா வெச்சர்றேன்."

அவர் படத்தைப் பார்த்தார். லாரிக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. வருஷம் முழுவதும் ரோட்டில் கிடப்பவர்களுக்கு இந்த ஒரு நாள்தான் தைரியம். அவர் அந்த ஒழுங்கை ஒரு வருஷம்கூட மீறியதில்லை. கடைசியில் கிட்டே வந்து என் கையிலிருந்த ஜாக்கியை வாங்கிக்கொண்டார். "நீ தொட வேண்டாம். பாவம்னா அது எம்மேல இருக்கட்டும்" என்றார். அந்த நேரத்தில் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

குங்குமம் அப்பிய கையோடு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினார். வேகவேகமாக நட்டை முடுக்கி, ஜாக்கியை இறக்கி, கழுவித் துடைத்துத் திரும்ப இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். சாமியிடம் ஏதோ வேண்டிக்கொண்டார். வந்து, "இப்பச் சரிதானா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சரியாக இல்லை. டயர் ஏன் உள்பக்கம் மட்டும் தேய்ந்தது என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எங்கே போயிற்று? வேறு டயர் போட்டால் சத்தம் போய்விடுமா? "பஸ்சுல போ கண்ணு" என்றேன். "நேரமாச்சும்மா, அங்க ரெண்டு பேரு வலிய வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.

பழங்களைத் திரும்ப வைத்தேன். கற்பூரம் காட்டினேன். கார் முன்னால் நகர்ந்து பழங்கள் நசுங்கின. வாசலில் லாரி மாலையும் கழுத்துமாகக் குறுக்கே நின்றதால் கேட்டைப் பிடிக்க வேண்டுமானால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பியாக வேண்டும். திருப்பினாள். மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் ஒரு ஓரமாகத் தரையில் இறங்கியது. இடப்பக்கச் சக்கரம் தனியாக வெளியே திரும்பி, அடிபட்ட மாட்டின் கால் மாதிரி மடங்கிக் கிடந்தது.

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். பிறகு கதவைத் திறந்து இறங்கிச் சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்தாள். கையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் கிட்டே வந்ததும் முகம், தோள், கை என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. இருக்கவும் நியாயமில்லை, வண்டி நடக்கிற வேகத்தில்தான் போயிற்று. ஆனாலும் தடவினேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாசலில்தானே ஒடிந்தது, வாசலில்தானே ஒடிந்தது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வாரமாக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் அவளைப் பெற்றெடுத்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். அடியில் கையை விட்டு எதையோ உருட்டி எடுத்தார். தலை உருண்டையாக ஒரு இரும்புத் துண்டு. பால் ஜாயின்ட் என்பார்கள். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பிக் கொடுக்கிற மூட்டு அது. குழியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. உருண்டை இருக்க வேண்டிய இடம் நீள வாக்கில் தேய்ந்திருந்தது.

"தூக்கி நிறுத்தியிருக்கறப்பக் கையில ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அவசரத்துல ஆட்டிப் பாக்கல." எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மகள் கை கொடுத்துத் தூக்கினாள். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "சாமி, பஸ்சுல போலாம். நானும் வாரேன்" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேந்தமங்கலம் போய் மலை பஸ் பிடித்தார்கள். பண்டிகைக் கூட்டம், நின்றுகொண்டேதான் போனார்கள். அவள் டியூட்டிக்குச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்த பிறகு நான் சுண்டலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஆசை தீரச் சாப்பிட்டேன்.

அவர் குவார்ட்டர்சில் படுத்திருந்துவிட்டு மறுநாள் காலையில்தான் வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லா வளைவுலயும் கீழ எட்டிப் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "ரெண்டுமே பொம்பளப் புள்ளைங்க. சுகப் பிரசவம்" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம்.

அன்றைக்கே காரைச் சேலத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பூஜை முடிந்து எங்கள் லாரி எடுத்த முதல் லோடு அந்தக் கார்தான். மண்மேட்டோடு லாரியைப் பின்பக்கமாக அணைத்து நிறுத்தி, ஒடிந்த பக்கத்துக்குச் சின்னத் தள்ளுவண்டியைக் கொடுத்து, ஆட்களை வைத்துத் தள்ளி ஏற்றினார்கள். எங்கள் டிரைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனுங்க முதலாளி, இதுக்கும் ஒரு பட்டை சேத்திப் போட்டர்லாமுங்களா?" என்றார். வேறு நாளாக இருந்தால் டிரைவர் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார். அன்று என் வீட்டுக்காரரே சிரித்துவிட்டார்.

சேலத்தில் ஒரு பட்டறை, நானும் கூடப் போனேன். இரண்டு பக்கமும் புது மூட்டு, புது ஸ்பிரிங், புது டயர். ரப்பரை உருவி எடுத்து வெளியே போட்டார்கள். பட்டறைக்காரர் சொல்லித்தான் காரணம் தெரிந்தது. சுருளில் ரப்பரைத் திணித்ததால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு அந்த மூட்டு எப்போதும் கோணலாகவே நின்றிருக்கிறது. தூக்கித் தூக்கிப் போட்ட அடியெல்லாம் அதன் தலையில் விழுந்து, மேலுறை கிழிந்து சேறும் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. நூல் கட்டியதிலும் வினை. இந்தக் காரில் பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் முன்சக்கரங்களைவிடக் குறைவாம். பின்னாலிருந்து நூலை இழுத்தால் நூலே விரிந்துகொண்டு போகும். அதோடு ஒட்டி நிறுத்தியதில் முன்சக்கரம் இரண்டும் வெளியே பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அதுதான் உள்பக்க ஓரத்தை அரைத்திருக்கிறது. லாரி விஷயம் வேறு, கார் விஷயம் வேறு. அவருக்கு இது ஒன்றும் புரியாதது அல்ல, சொன்ன உடனே தலையை ஆட்டினார். லாரியில் நூலை எவ்வளவு தள்ளிப் பிடிப்பார்கள் என்று பதிலுக்கு அவரும் சொன்னார். பட்டறைக்காரரும் அவரும் மிஷினை மறந்துவிட்டு அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் காரை மிஷினில் ஏற்றி, அதன் திரையில் சிவப்பாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறியபோது, அவர் போனை எடுத்துப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு தடவை, காரை அவரே கொண்டுபோய்த் தூக்கி நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கையால் ஆட்டிப் பார்த்து, மிஷினில் வைத்துவிட்டுத்தான் வருவார். எங்கள் தெருவில் யார் காருக்கு ரப்பர் வைக்கப் போனாலும் போய்த் தடுக்கிற முதல் ஆளும் அவர்தான். நான் வாயைத் திறக்க இடமே இல்லாமல் போய்விட்டது. பரவாயில்லை, எனக்குத் திட்ட வேறு ஆயிரம் விஷயம் இருக்கிறது.

கார் சரியாகி வந்த பிறகு முதல் தடவை அவள் மேலே போனபோது நானும் ஏறிக்கொண்டேன். சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிவாரம் தாண்டியது. முதல் வளைவு, இடப்பக்கம். ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒன்றும் இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி திரும்பியது. பாதி மலை ஏறியதும் காற்று குளிர ஆரம்பித்தது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினாள். நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். அப்பாகிட்டச் சொல்லக்கூடாது" என்றாள்.

"என்ன?"

"ஆவணியிலிருந்து இந்த மலையில நான் பெல்ட்டே போட்டதில்லம்மா. கதவையும் முழுசாச் சாத்தாம லேசா வெச்சிருப்பேன். ஏதாச்சும் ஆச்சுன்னா குதிச்சர்லாம்னு. நீ கூட வந்த அன்னைக்கு மட்டுந்தான் சாத்தியிருந்தேன்."

இவ்வளவு நாளும் ஒவ்வொரு வளைவிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, என் பிள்ளை தனியாகப் போய்வந்திருக்கிறாள்.

"பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதாடி? காரை எடுக்காமயாச்சும் இருந்திருக்கலாமே?"

"எப்படிம்மா? அப்பா கையால பண்ணுன வண்டி. கார உட்டுட்டு பஸ்சுல போனேன்னா அவருக்கு என்னவோ ஆயிரும்னு இருந்துச்சு. வேற யாராச்சும் பண்ணியிருந்தா அன்னைக்கே எறங்கியிருப்பேன்."

மீதி வளைவு முழுவதும் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். நடுவில் ஒரு இடத்தில் குனிந்து, அவள் பக்கத்துக் கதவைக் கையால் தள்ளிப் பார்த்தேன். சாத்தியிருந்தது. அவள் மார்பின் குறுக்கே கிடந்த பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.